வெயில் கண்ணில் அடித்த நாள்

கந்தளாயில் உதைபந்தாட்டத்துக்கு என்று நாட்காட்டியில் ஒரு காலம் இல்லை. குளத்துத் தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது. பெரும்போகம் வெட்டி, சூடு அடித்து, வயலில் அரிதாள் மட்டும் நிற்கிற நாட்களில் ஒரு சுற்றுப்போட்டி. சிறுபோகம் கைகொடுத்தால் இன்னொன்று. நெல் விற்ற காசு உரக்கடைக்கும் உழவு இயந்திரக் கூலிக்கும் போவதற்கு முன்பாக அதில் ஒரு சிறு பங்கு பந்துக்கும் வலைக்கும் ஜேர்சிக்கும் போய்விடும். என் வாப்பா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் இறுதிப்போட்டியன்று அசர் தொழுகை முடிந்த கையோடு முதல் ஆளாகப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்திக்கொள்பவரும் அவர்தான். எல்லாரும் நடுக்கோட்டுக்கு நேராக இடம் பிடிக்க, அவருக்கு மட்டும் அந்த இடம். "மத்த இடத்துல நிண்டா ஓட்டத்தப் பாக்கலாம். இங்க நிண்டாத்தான் மனுசனப் பாக்கலாம்" என்பார்.

இறுதிப்போட்டிக்கு மூதூர் வந்தால்தான் எங்களுக்கு அது இறுதிப்போட்டி. கிண்ணியா வரலாம், தம்பலகாமம் வரலாம், முள்ளிப்பொத்தானை வரலாம், திருகோணமலைப் பட்டினத்திலிருந்து பூட்ஸும் காலுறையுமாகப் பெரிய அணிகள் வரலாம். அவற்றோடு தோற்றால் ஒருநாள் கவலை. மூதூரோடு தோற்றால் அடுத்த போகம் வரைக்கும் சந்தையில் தலைநிமிர முடியாது.

ஏன் மூதூர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. சண்டைக்காரர்கள் என்பதால் அல்ல, சொந்தக்காரர்கள் என்பதால். என் மூத்தவாப்பா மூதூரில் பிறந்தவர். ஐம்பதுகளில் கந்தளாய்க் குளத்தின் கீழே குடியேற்றத் திட்டம் விரிந்தபோது காணி கிடைத்து, ஒரு சோடி எருமையோடும் நாலு பிள்ளைகளோடும் இங்கே வந்தவர். அவரைப்போல் கிண்ணியாவிலிருந்து வந்தவர்களும் மலைநாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் சிங்களக் குடும்பங்கள், இன்னொரு பக்கம் தமிழ்க் குடும்பங்கள். இப்படித் திக்குக்கு ஒருவராக வந்து சேர்ந்த ஊருக்கு 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ள உடனடியாக ஒன்றும் இருக்கவில்லை. மூதூர்க்காரர்கள்தான் அதைத் தந்தார்கள். 'கொலனியான்' என்று ஏளனமாக அவர்கள் கூப்பிட்ட பெயருக்குள்தான் நாங்கள் முதன்முதலாக ஒன்றாக நின்றோம். பதிலுக்கு நாங்கள் அவர்களைக் 'கரைவலையான்' என்றோம். கொலனியான் சேற்று மணம் வீசும் குளத்து மீனைத் தின்பவன், விராலும் திலாப்பியாவும் அவனுக்கு மீன். கரைவலையானுக்குக் கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தால்தான் சோறு, காற்று மாறினால் கடன் அரிசிக்கு எங்களிடம் வருகிறவன். இப்படி ஏசிக்கொண்டே பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம். என் சாச்சி ஒருத்தியின் கலியாணப் பேச்சு சுற்றுப்போட்டி முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை.

பந்து எங்கள் மாவட்டத்துக்கு எப்படி வந்தது என்பதற்கு மூத்தவாப்பா ஒரு காரணம்தான் சொல்வார்: துறைமுகம். திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரை இருந்தது. அந்த ஆண்டில்தான் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சப்பாத்துக் காலோடு ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் வெறுங்காலோடு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவர் கட்சி. கொழும்பு காலிமுகத்திடலில் ஆடிய ஆட்டமும் அப்படித்தான் வேலி தாண்டியது. நம் ஊர்களில் சப்பாத்து வந்து சேர ரொம்ப நாள் பிடித்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு கல்கத்தாவின் உதைபந்தாட்டக் கதையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கூச்சமும் வந்தது. நாங்கள் எங்களுக்கே உரியது என்று நினைத்திருந்த ஏச்செல்லாம் அங்கே ஏற்கனவே ஏசி முடிக்கப்பட்டிருந்தது. 1889 இல் தொடங்கிய மோகன் பகான் அந்த மண்ணின் பழங்குடிகளுடைய கழகம். 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கிழக்கு வங்காளத்துக்காரர்களுடையது. 1947 பிரிவினைக்குப் பிறகு வீடுவாசல் இழந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அந்தக் கழகத்தைத் தங்களுடைய ஊராகவே எடுத்துக்கொண்டன. ஊர்க்காரன் 'கோட்டி', வந்தவன் 'பாங்கால்'. மோகன் பகான் வென்றால் சந்தையில் இறால் விலை ஏறும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன் விலை ஏறும். கடல் மீனா குளத்து மீனா என்று நாங்கள் சண்டை பிடித்ததற்கு இது பெரியண்ணன்.

அதே நகரத்தில் 1891 இல் தொடங்கிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை நம்மில் பலர் இன்று மறந்துவிட்டோம். 1934 இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்தக் கிண்ணத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் ஆடிய முகம்மது சலீம் 1936 இல் ஸ்கொட்லாந்துக்குப் போய் செல்டிக் கழகத்துக்காக இறங்கினார். சப்பாத்துப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. காலுக்குத் துணிக்கட்டுச் சுற்றித்தான் அவரை அனுப்பினார்கள். செல்டிக்கும் வந்தேறிகளின் கழகம்தான். கிளாஸ்கோவில் வறுமையில் கிடந்த அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு உதவுவதற்காக 1887 இல் தொடங்கப்பட்டது. ஒரு வந்தேறிக் கூட்டம் இன்னொரு நாட்டு வெறுங்காலனுக்குத் துணி சுற்றிவிட்ட அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். வகுப்பில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதே கல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16 ஆம் திகதி மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 பேர் மைதானத்திலேயே செத்துப்போனதையும் சொல்லாமல் விடுவதில்லை.

பந்தால் யுத்தம் வந்தது என்று சொல்வோரும் உண்டு. 1969 இல் எல்சல்வடோரும் ஹொண்டுராஸும் உலகக்கிண்ணத் தகுதிகாண் போட்டியில் மோதி, அடுத்த மாதமே நான்கு நாள் யுத்தம் புரிந்ததைப் பத்திரிகைகள் 'உதைபந்தாட்ட யுத்தம்' என்றே எழுதின. எழுதுவதற்கு வசதியான பெயர். உள்ளே இருந்தது காணி. ஹொண்டுராஸில் குடியேறிப் பயிர் செய்த இலட்சக்கணக்கான எல்சல்வடோர் ஏழைகளை அந்த நாட்டுக் காணிச் சட்டம் வெளியே தள்ளியதுதான் காரணம். குடியேற்றத் திட்டத்தில் பிறந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ள உலக வரைபடம் தேவையில்லை.

என் முதல் மைதான ஞாபகம் பந்து அல்ல, சேறு. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி விடியற்புறம் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலும் வீடுகளும் போயின. தண்ணீர் யாரிடமும் நீ எந்த மொழி, எந்த மார்க்கம் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. வாப்பாவின் தோளில் இருந்து பார்த்தபோது எங்கள் மைதானத்தில் ஒரு கோல் கம்பம் மட்டும் நின்றது, அதில் யாரோ ஒருவருடைய சாரம் சிக்கிக் கிடந்தது. பல வாரங்கள் கழித்து மண் அள்ளி மைதானத்தை மீட்டவர்களில் மூதூரிலிருந்து உழவு இயந்திரத்தோடு வந்த ஆட்களும் இருந்தார்கள் என்று வாப்பா சொல்வார். "மண்ண அள்ளிப்போட்டுட்டு, பந்து போட்டு மூணு கோலும் அடிச்சிட்டுப் போனானுகள்" என்று அதோடு சேர்த்துச் சொல்வார்.

பிறகு 1990 வந்தது. கிழக்கில் அந்த ஆண்டு முஸ்லிம்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. அல்லை–கந்தளாய் வீதியில் ஓடிய லொறிகளுக்கும் பஸ்களுக்கும் காவலரண்கள் வந்தன. பந்துக்காக யாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள். ஒரு தலைமுறைப் பொடியன்கள் மூதூரைப் பகைக்கக் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்தார்கள். அது நல்லதுதானே என்று கேட்கலாம். அப்படியில்லை. அவர்கள் மூதூரை நினைக்கவே இல்லை.

2002 பெப்ரவரி 22 ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. பாதைகள் திறந்தன. அடுத்த ஆண்டு சிறுபோகம் முடிந்தவுடன் மூதூர் அணி லொறியில் வந்து இறங்கியது. ஆடுகிறவர்கள் பதினைந்து பேர், பார்க்க வந்தவர்கள் அறுபது பேர். கிழவர்கள் கிழவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடிந்த பிறகு "இண்டைக்கி ஒங்களுக்கு இரிக்கி" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள்.

நான் அப்போது ஊர்ப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியன். ஆட எனக்கு வராது. ஓட வரும், விதிமுறை வாசித்திருந்தேன், 'சேர்' என்ற மரியாதையும் இருந்தது. ஆகவே கையில் கொடியைக் கொடுத்து லைன்ஸ்மனாக நிற்கச் சொன்னார்கள். நடுவர் வெளியூர்க்காரர். கிழக்குப் பக்கக் கோடு எனக்கு.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடமும் இல்லை. மூதூர் அணியின் இடது விங்கில் ஒரு பொடியன் ஆடினான். இருபது வயது இருக்கும். 'இடக்காலன்' என்று அவர்களுடைய ஆட்களே கூப்பிட்டார்கள். அன்று முழுவதும் எங்கள் வலது பின்காவலை அவன் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தான். நடுவிலிருந்து பந்து உயர்ந்து வந்தது, அவன் ஓடினான். அந்த நேரம் எங்கள் வீரர் ஒருவர் காலில் நரம்பு பிடித்துக் கோல் கம்பத்தின் பக்கத்தில், மைதானத்துக்கு உள்ளேதான், குந்திக்கொண்டிருந்தார். கோல்காப்பாளரும் அவருமாக இரண்டு பேர் இடக்காலனுக்கு முன்னால் இருந்தார்கள். ஓப்சைட் அல்ல. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அவன் பந்தை நெஞ்சில் வாங்கி, நிலத்தில் விழ விடாமலே அடித்தான். வலை ஆடியது. என் கொடி மேலே இருந்தது.

நடுவர் என்னைப் பார்த்தார். கொடியை இறக்கியிருக்கலாம். அந்த ஒரு கணத்தை நான் பலமுறை திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நான் யோசித்து உயர்த்தவில்லை, அது உண்மை. ஆனால் இறக்காமல் இருந்தது யோசித்துத்தான். பக்கத்தில் எங்கள் ஊர் முழுவதும் நின்றது. கை கீழே வரவில்லை. கோல் இல்லை என்றானது. பெனல்டி உதையில் நாங்கள் வென்றோம். அதன் பிறகு கல் பறந்தது, லொறிக் கண்ணாடி உடைந்தது, இடக்காலனின் புருவத்துக்கு மேல் ஐந்து தையல்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் எங்கள் பள்ளிவாசலில் கூடினார்கள். கண்ணாடிக்குக் காசு கொடுப்பது என்று முடிவானது. பிறகு மூதூர்ப் பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க புள்ளகளுக்குப் படிச்சுக் குடுக்குற ஆள். பள்ளிக்குள்ள இரிக்கீங்க. சொல்லுங்க, அது ஓப்சைட்டா?"

"வெயில் கண்ணுல அடிச்சிச்சி. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சிச்சி" என்றேன்.

கிழக்குக் கோட்டில் நின்றவனுக்கு மாலை வெயில் கண்ணில் அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம். ஆகவே பெரியவர்கள் தலையாட்டினார்கள். இடக்காலன் மட்டும் தலையில் கட்டோடு சுவரோரமாக இருந்தவன், ஜன்னல் வழியாக மைதானத்துப் பெரிய மருதமரத்தைத் திரும்பிப் பார்த்தான். அன்று அந்தக் கோல் விழுந்த நேரம் வெயில் அந்த மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்தது. கிண்ணியாவும் மூதூரும் அடிபட்டன. எங்கள் ஊரிலிருந்து அரிசியும் சமைத்த சோறும் போயின. நான் அந்த லொறிகளில் ஏறவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

2006 இல் ஜூலை 9 ஆம் திகதி இரவு ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது. சிடேன் இத்தாலிக்காரனின் நெஞ்சில் தலையால் மோதிவிட்டுக் கிண்ணத்தைத் தாண்டி உள்ளே நடந்துபோனதைப் பற்றித்தான் அந்த மாதம் முழுவதும் பேச்சாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். மாவிலாற்று மதகு மூடப்பட்டது. தண்ணீரில் தொடங்கிய சண்டை ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் வந்தது. விடுதலைப் புலிகள் ஊருக்குள் நுழைந்தார்கள், இராணுவம் பதிலுக்கு ஷெல் அடித்தது. பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் ஒதுங்கியிருந்த சனம் ஆகஸ்ட் 4 ஆம் திகதி வெள்ளைக்கொடியோடு நடக்கத் தொடங்கியது. கிராந்திமுனையில் அவர்கள் வழிமறிக்கப்பட்டார்கள். ஆண்களைப் பிரித்தெடுத்தார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு. அதே நாளில்தான் மூதூரில் உதவி நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் சனம் கந்தளாயை நோக்கி வந்தது. எங்கள் பாடசாலைகள் எல்லாம் முகாமாகின.

எனக்குத் தந்த வேலை பதிவு எழுதுவது. வகுப்பறைத் தரையில் சோக்கால் கோடு போட்டு ஒரு குடும்பத்துக்கு ஆறடிக்கு எட்டடி. இரண்டாம் நாள் உச்சி வெயிலில் வரிசையில் ஒருவன் வந்து நின்றான். தோளில் ஒரு வயதுப் பெண்பிள்ளை. பின்னால் மனைவி, கிழட்டு உம்மா. செருப்பு இல்லை, இடக்காலில் சாரத் துண்டு சுற்றியிருந்தது. புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு.

பெயர் கேட்டேன். எனக்குத் தெரிந்த பெயர்தான். சொன்னான். எத்தனை பேர் என்றேன்.

"அஞ்சு பேர் சேர்."

நாலு பேர்தானே நிற்கிறீர்கள் என்று பார்த்தேன்.

"தம்பிக்காரன் பின்னுக்கு வாறான். எழுதுங்க. வந்துருவான்."

ஐந்து என்று எழுதினேன். எழுதிய கையை அவன் பார்த்துக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். தம்பிக்காரன் மூன்றாம் நாள் வந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்.

முகாம் வாழ்க்கை புத்தகத்தில் படிப்பதுபோல் சகோதரத்துவமாக மட்டும் இருக்கவில்லை. முதல் வாரம் ஊர் தன் சோற்றைப் பங்கிட்டது. இரண்டாம் வாரம் கிணற்றடியில் முணுமுணுப்பு. கழிவறை நிரம்பியது, கடையில் சாமான் விலை ஏறியது, மூதூர்ப் பெண்கள் மறைவில்லாமல் குளிக்கப் பட்டபாட்டை ஊர்ப் பெண்களில் சிலர்தான் உணர்ந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் அவர்கள் எங்களுக்குக் கொலனியான் என்று பெயர் வைத்ததை இப்போது சோற்றோடு சேர்த்துப் பரிமாறியவர்களும் இருந்தார்கள். நான் கேட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அவன் என்னிடம் வந்தான். "சேர், ஸ்டோர்ல பந்து இரிக்கா? பொடியனுகள் சும்மா இருந்தா அழுறானுகள்." சாவியை எடுத்துத் திறந்து கொடுத்தேன். மைதானத்தின் பாதியில் கூடாரங்கள். மீதிப் பாதியில் ஆட்டம். எங்கள் பொடியன்களும் சேர்ந்துகொண்டார்கள். மூதூர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று அவர்கள் பிரியப் போனபோது அவன் தடுத்தான். "சட்டை போட்டவன் அந்தப் பக்கம், போடாதவன் இந்தப் பக்கம்." அகதியாக வந்தவர்களில் பல பேருக்குச் சட்டை இல்லை என்பதை அவன் கணக்கில் எடுத்துத்தான் சொன்னானோ, எங்கள் பொடியன்கள் நாலைந்து பேர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பக்கம் போனார்கள்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் மைதானத்தில் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். பொடியன்கள் தாங்களாகவே மூதூர், கொலனி என்று பிரிந்து ஆடி, கோலா இல்லையா என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் சிடேன்போல் மற்றவன் நெஞ்சில் தலையால் முட்டியிருந்தான். நான் பிரம்போடு உள்ளே இறங்கப் போக, கூடாரத்து வாசலில் இருந்த மூதூர்க் கிழவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்க மன. சண்டை புடிக்கட்டும். வந்ததுலரிந்து இவனுகள் இப்படிச் சத்தம் போட்டே இல்ல" என்றார். அவர் முகத்தில் அந்த மாதம் நான் கண்ட முதல் சிரிப்பு. எங்கள் பக்கத்துக் கிழவர்களும் சிரித்தார்கள். கரைவலையானுக்கு மறுபடி வாய் வந்துவிட்டது என்றார்கள்.

அன்று இரவு துணிந்தேன். ஜெனரேட்டர் வெளிச்சத்தில் அவன் பிள்ளையைத் தூங்கவைக்க முயன்றுகொண்டிருந்தான். பக்கத்தில் போய்க் குந்தினேன். "தம்பி, அண்டைக்கி அந்தக் கோல்..." என்று தொடங்கினேன்.

"சேர்," என்றான், "புள்ளைக்கிப் பால்மா நாளைக்கும் குடுப்பாங்களா?"

குடுப்பாங்க என்றேன். எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. அவனிடம் எல்லாவற்றையும் பறித்தெடுத்து, என் வகுப்பறைத் தரையில் ஆறடிக்கு எட்டடியில் அவனை இருக்கவைத்துவிட்டு, பொருந்திக்கொள் என்று நான் கேட்டால் அவன் இல்லை என்றா சொல்வான்? அது கேட்பதல்ல, பறிப்பது. செப்டெம்பரில் அவர்கள் திரும்பிப் போனார்கள். பந்தை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

பிற்பாடு நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றபோது உடற்கல்வி விரிவுரையாளர் ஓப்சைட் விதியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1990 வரை கடைசிக்கு முந்திய எதிரணி வீரனுக்குச் சமமாக நின்றாலும் ஓப்சைட்தான். அதன் பிறகு சமமாக நின்றால் ஓப்சைட் இல்லை. சந்தேகம் இருந்தால் கொடி கீழே இருக்க வேண்டும் என்றார். வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சந்தேகம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் வழக்கப்படி வீடுவீடாகப் போய்ப் பொருத்தம் கேட்டார். எல்லாம் முடிந்து இரவு என்னைக் கூப்பிட்டார். நான் ஏதோ கடன் விபரம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ ஒருத்தன்கிட்டப் போக வேண்டியிரிக்கி" என்றார்.

நான் பேசவில்லை.

"அண்டைக்கி நம்மட பொடியன் கம்பத்தடியில காலப் புடிச்சிட்டு இருந்தான். நான் அவனுக்குப் பின்னாலதான் குந்தியிருந்தன். அந்தப் பள்ளிக் கூட்டத்துலயும் இருந்தன். மகன் எண்டு பேசாம இருந்துட்டன். அத அல்லாகிட்ட நான் பாத்துக்கிறன். ஒண்ட ஹக்க நீ பாத்துக்க."

அவர் திரும்பி வந்தார், ஜம்ஜம் தண்ணீர் தந்தார், சில ஆண்டுகளில் மௌத்தானார். அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. நானும் போகவில்லை. ஒவ்வொரு போகமும் போகலாம் என்று நினைத்தேன். பாதை நன்றாகிவிட்டது, 2009 இல் கிண்ணியாப் பாலமும் திறந்தாயிற்று, மோட்டார் சைக்கிளில் ஏறினால் மூதூர் தூரமில்லை. தூரம் காரணமாக இருந்த காலத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது பொடியன்களின் பகை வேறு. பார்சிலோனா ஜேர்சியும் ரியல் மாட்ரிட் ஜேர்சியும் போட்டுக்கொண்டு மெஸ்ஸிக்காகவும் ரொனால்டோவுக்காகவும் தேநீர்க்கடையில் கிளாஸ் உடைக்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் கந்தளாய் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. பகைத்துக்கொள்கிறவன் நம் பெயர் தெரிந்தவனாக இருக்க வேண்டாமா? தோற்றால் அவன் வீட்டுக் கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட வேண்டிவருமே என்ற பயம் அதில் இருக்க வேண்டாமா? நாட்டின் உதைபந்தாட்டத்தையே 2023 ஜனவரியில் ஃபீஃபா தடைசெய்து, ஆகஸ்டில் தடையை நீக்கியது. எங்கள் கடைவாசலில் அதைப் பற்றி இரண்டு பேர் பேசியிருந்தாலே அதிகம்.

ஆனாலும் சென்ற சிறுபோகத்துக்குப் பிறகு பாடசாலை மாணவர்களுக்கு ஒரு சிறு சுற்றுப்போட்டி வைத்தோம். மூதூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பொடியன்கள் இறங்கினார்கள். கடைசியாகப் பயிற்றுவிப்பாளர் இறங்கினார். தாடி நரைத்திருந்தது. நடையில் இடக்கால் கொஞ்சம் இழுத்தது. ஸலாம் சொன்னார், சொன்னேன். பிள்ளை எப்படி என்று கேட்டேன். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், மூன்றாம் வருடம் என்றார். இருபது வருடத்தில் அவனை அவராக்கியிருந்தது என் வாய், எனக்குத் தெரியாமலே.

லைன்ஸ்மன் ஒருவர் வரவில்லை. அதிபர் கொடியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நான் வேண்டாம் என்றேன், இளைய ஆசிரியர்களைப் பார்த்தேன். ஒருவரும் முன்வரவில்லை. மருதமரம் அங்கேயேதான் நிற்கிறது. மணி நாலரை.

"தம்பி," என்றேன் அவரிடம், "உங்ககிட்ட ஒரு விசயம் பொருந்திக்கக் கேக்கணும். கன காலமா..."

அவர் என் கையில் இருந்த கொடியைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார்.

"கிழக்கால நிக்காதீங்க சேர்," என்றார். "அங்க வெயில் கண்ணுல அடிக்கும். மேற்குப் பக்கம் நில்லுங்க."

தன் பொடியன்களை நோக்கி நடந்துவிட்டார். நான் மைதானத்தைக் குறுக்கே கடந்து மேற்குக் கோட்டுக்குப் போனேன். வெயில் முதுகில் விழுந்தது. விசில் ஊதினார்கள்.